எண் வெளியே, வினா உள்ளே

ஆய்வில் கிடைத்த எண்களை ஓர் அரசு வெளியிட்டுவிட்டால் அது மக்களிடம் எதையும் மறைக்கவில்லை என்ற நம்பிக்கை படித்தவர்களிடமே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வேலைநேர விதிகளைத் தளர்த்தும் சட்டங்களைப் பொறுத்தவரை இந்நம்பிக்கை எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதை ஜப்பான் 2018இல் கண்டது.

அந்நாட்டுத் தொழிலாளர் சட்டத்தில் உள்ள 'தன்விருப்ப வேலைநேர முறை' என்பது, சில வகைப் பணியாளர்கள் உண்மையில் எத்தனை மணி நேரம் உழைத்தாலும், முன்கூட்டியே முடிவுசெய்த நேரம் மட்டுமே உழைத்ததாகக் கருதி ஊதியம் வழங்கும் ஏற்பாடாகும். வேலையை எப்போது, எவ்வாறு செய்வது என்பதைப் பணியாளரே தீர்மானிக்கலாம் என்பது அதன் கவர்ச்சி; கூடுதலாக உழைத்த நேரம் கணக்கிலேயே ஏறாமல் போகக்கூடும் என்பது அதன் ஆபத்து. இம்முறையை மசோதா ஒன்றின் மூலம் மேலும் பலருக்கு விரிவாக்க முனைந்த அப்போதைய பிரதமர் ஷின்சோ அபே, இதன்கீழ் உள்ளவர்களின் வேலைநேரம் சராசரியாகப் பார்த்தால் மற்றவர்களுடையதைவிடக் குறைவு என்று காட்டும் தரவு உண்டென 2018 ஜனவரி 29 அன்று நாடாளுமன்றத்தில் கூறினார். அவர் சுட்டியது தொழிலாளர் நல அமைச்சகம் 11,575 பணியிடங்களில் நடத்திய 2013ஆம் ஆண்டு ஆய்வை. அதன்படி முன்னவர்களுக்கு நாளொன்றுக்கு 9 மணி 16 நிமிடம், பின்னவர்களுக்கு 9 மணி 37 நிமிடம்.

இந்த ஒப்பீடு இரகசியமாக இருந்ததில்லை. 2015இலேயே நாடாளுமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டிருந்தது. மறைந்திருந்தது வினா. சாதாரணப் பணியாளர்களைப் பற்றிக் கேட்கப்பட்டது, மாதத்திலேயே மிகைநேரம் (ஓவர்டைம்) மிக அதிகமாக இருந்த நாளைப் பற்றி. அவ்வாறு கிடைத்த 1 மணி 37 நிமிடத்தோடு சட்டப்படியான 8 மணி நேரத்தைக் கூட்டியே 9 மணி 37 நிமிடம் என்ற 'சராசரி' உருவாக்கப்பட்டது. தன்விருப்ப முறையினரிடம் அப்படிக் கேட்கப்படவில்லை. ஒருவரின் மிக நெருக்கடியான நாளை மற்றொருவரின் வழக்கமான நாளோடு எடைபோட்ட இத்தராசைக் குற்றம் சொல்ல, எண்ணை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் வழி கிடைத்திராது. பிப்ரவரி 14 அன்று அபே தம் கூற்றைத் திரும்பப் பெற்றார். இப்போது இல்லை என்று தொழிலாளர் நல அமைச்சர் கூறியிருந்த மூல ஆய்வுப் படிவங்கள் சில நாள்களிலேயே அமைச்சகத்தின் நிலவறையில் 32 அட்டைப்பெட்டிகளில் கிடைத்தன; ஒரு நாளின் மிகைநேரம் அதே நபரின் ஒரு வார மிகைநேரத்தை விஞ்சும் விந்தையான பதிவுகளும் வெளிப்பட்டன. விரிவாக்கப் பகுதி மசோதாவிலிருந்தே நீக்கப்பட்டது.

படிவங்களையும் வினாக்களையும் வெளியிட்டால் பாமரர் குழம்புவர் என்ற வாதம் இங்கே நிற்காது. குழம்பியவர்கள் பாமரர் அல்லர், பிரதமருக்குக் குறிப்பெழுதிக் கொடுத்த அதிகாரிகள். தன்விருப்ப முறையே தீயது என்றும் இதிலிருந்து முடிவுகட்ட இயலாது. ஆயினும், வல்லுநர் குழுவொன்று வினாக்களை ஆராய்ந்து அமைத்த பின் 2019இல் நடத்தப்பட்டு 2021இல் வெளியான புதிய ஆய்வில், அம்முறையினரின் சராசரி வேலைநேரம் 9 மணி எனவும் மற்றவர்களுடையது 8 மணி 39 நிமிடம் எனவும் தெரியவந்தது: பழைய அதே 21 நிமிட வேறுபாடு, இம்முறை எதிர்த்திசையில்.