வருமான வரி ரீபண்டு: பணம் எங்கே நிற்கிறது?

(நமது திருப்பதி நிருபர்)

வருமான வரி இலாகா ஒரு கணக்கைப் பெருமையோடு சொல்லி வந்தது. 2013-ல் ரீபண்டு கொடுக்கச் சராசரியாக 93 நாள் பிடித்ததாம். 2024-ல் அது 17 நாளாகக் குறைந்துவிட்டதாம். இதை நம்பி 2025-ல் ரிட்டர்ன் தாக்கல் செய்த பலர், மாதக் கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. சித்தூர், திருப்பதி, ரேணிகுண்டா, ஸ்ரீசிட்டி வட்டாரங்களில் வேலை பார்க்கும் நம்மவர்களும் இதற்கு விலக்கல்ல.

அந்த ஆண்டு நடந்தது இதுதான். ஜூலை 31 என்றிருந்த கெடு செப்டம்பர் 15 ஆகி, கடைசியில் ஒரு நாள் கூட்டப்பட்டு 16-ல் முடிந்தது. இதற்கு முன்பே, ஜூலை 14-ந் தேதி, தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் 150 இடங்களில் இலாகா சோதனை போட்டது. வீட்டு வாடகை, மருத்துவச் செலவு, கல்விக் கடன் வட்டி, அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை என்று இல்லாத கழிவுகளைக் காட்டி ரீபண்டு வாங்கிக் கொடுக்கும் ஏஜெண்டுகளைத் தேடிய சோதனை அது. முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர், 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கழிவுகளைத் தாமே வாபஸ் பெற்றதாகவும் அப்போது அறிவிக்கப்பட்டது. பிறகு, சந்தேகத்துக்கு இடமான ரீபண்டுகள் தனியே நிறுத்தி வைக்கப்பட்டன. டிசம்பரில், கணக்கைத் திருத்த வேண்டுமானால் 31-ந் தேதிக்குள் திருத்துங்கள் என்று பலருக்குச் செய்தி போயிற்று.

பொய்க் கணக்கைப் பிடிக்க வேண்டியதுதான். அதில் தகராறு இல்லை. ஆனால் வலை வீசும்போது சிறு மீனும் அகப்படுகிறது. நேர்மையாகக் கணக்குக் கொடுத்த குமாஸ்தாவுக்கு, தன் பணம் ஏன் நிற்கிறது என்பதைக் காரணத்தோடு சொல்லும் கடிதம் வருவதில்லை. ரயில்வே கவுண்டரில் டிக்கெட்டை ரத்து செய்யும் பயணிகூட, எவ்வளவு பிடித்தீர்கள், ஏன் பிடித்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறார். நாங்களும் பதில் சொல்லியாக வேண்டும். இங்கே அந்தப் பதில் கிடைப்பதில்லை.

சட்டம் இலாகாவுக்குத் தாராளமாகவே அவகாசம் தருகிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, ரிட்டர்ன் தாக்கலான நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் கணக்கைப் பார்த்து முடிவைத் தெரிவித்தால் போதும். 2025 செப்டம்பரில் போட்ட ரிட்டர்னுக்கு இந்தக் கெடு 2026 டிசம்பர் 31. பதினேழு நாள் என்பது இலாகாவின் சாதனைக் கணக்கு; அது சட்டத்தில் எழுதிக் கொடுத்த வாக்கு அல்ல.

தாமதத்துக்கு வட்டி உண்டு. கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டவருக்கு, மதிப்பீட்டு ஆண்டின் ஏப்ரல் 1 முதல் மாதம் அரை சதவீதம். ரூ. 18,000 வர வேண்டியவருக்கு மாதம் 90 ரூபாய். அதே தொகையை அவர் அரசுக்குப் பாக்கி வைத்தால் மாதம் ஒரு சதவீதம், அதாவது 180 ரூபாய் கட்ட வேண்டும். வாங்கும்போது ஒரு படி, கொடுக்கும்போது அரைப் படி. ரீபண்டுத் தொகை மொத்த வரியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானால் அந்த வட்டியும் கிடையாது. கிடைத்த வட்டியை அடுத்த ஆண்டு வருமானத்தில் காட்டவும் வேண்டும்.

நம் பகுதியில் பணம் நிற்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதற்கும் சோதனைக்கும் சம்பந்தமில்லை. 2019 மார்ச் முதல், பான் எண்ணோடு இணைந்து சரிபார்க்கப்பட்ட பாங்குக் கணக்குக்கு மட்டுமே ரீபண்டு போகிறது. ஆனால் 2020 ஏப்ரல் 1-ல் ஆந்திரா பாங்கு யூனியன் பாங்கோடும், சிண்டிகேட் பாங்கு கனரா பாங்கோடும் சேர்ந்துவிட்டன. அவற்றின் பழைய ஐ.எப்.எஸ்.சி. எண்கள் 2021-ல் செல்லாததாகிவிட்டன. சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சப்தகிரி கிராமீண பாங்கும் 2025 மே 1 முதல் ஆந்திரப் பிரதேச கிராமீண பாங்கில் கலந்துவிட்டது. பழைய எண்ணையே இணையதளத்தில் விட்டு வைத்தவரின் பணம் பாங்கு வாசல் வரை போய்த் திரும்பி விடுகிறது.

பெயர்ச் சிக்கலும் இருக்கிறது. நமக்குத் தகப்பனார் பெயர் ஓரெழுத்து இனிஷியல். இங்குள்ளவர்களுக்கு இண்டிப் பெயர் முன்னால் வரும். பான் கார்டில் தகப்பனார் பெயர் முழுதாக, பாங்குப் புத்தகத்தில் இனிஷியல் மட்டும், ஆதாரில் மூன்றாவது விதம் என்று இருந்தால் கணக்கு சரிபார்ப்பில் தேறாது. இதைத் திருத்திவிட்டு, 'ரீபண்டு ரீ-இஷ்யூ' என்ற இடத்தில் மறுபடி மனுப் போட வேண்டும். போடாவிட்டால் பணம் தானாக வராது. 2023 ஜூலை முதல், ஆதாருடன் இணைக்கத் தவறியதால் பான் செயலிழந்து போனவருக்கு ரீபண்டும் இல்லை, அந்தக் காலத்துக்கு வட்டியும் இல்லை.

பழைய பாக்கி என்று காட்டிக் கழித்துக்கொள்வது இன்னொரு தொல்லை. இதுபற்றி ஓர் ஆடிட்டர் எழுதிய கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்ட டெல்லி ஐகோர்ட், 2013 மார்ச் 14-ல் அளித்த தீர்ப்பில், வரி செலுத்துவோருக்கு முதலில் தெரிவித்து, அவர் பதிலைக் கேட்ட பிறகே கழிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. 2024 பிப்ரவரி 1 இடைக்கால பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன், 2009-10 வரையிலான ரூ. 25,000 வரையுள்ள பாக்கிகளையும், 2010-11 முதல் 2014-15 வரையிலான ரூ. 10,000 வரையுள்ள பாக்கிகளையும் தள்ளுபடி செய்தார். இவற்றால் பிந்தைய ஆண்டுகளின் ரீபண்டுகள் தடைப்படுகின்றன என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆகவே பாக்கி நோட்டீஸ் வந்தால் சும்மா இருக்கக் கூடாது. ஒப்புக்கொள்ளவில்லையென்றால் இணையதளத்திலேயே காரணத்தோடு பதில் போட வேண்டும்.

தொழிற்சாலைத் தொழிலாளர் விஷயம் தனி. ஐந்து வருஷ சர்வீஸ் முடியுமுன் வேலையை விட்டு, ரூ. 50,000-க்குக் குறையாமல் பி.எப். எடுத்தால் பத்து சதவீதம் வரி பிடிக்கிறார்கள். பான் கொடுக்காவிட்டால் இருபது. அந்த ஆண்டில் வரி கட்டும் அளவுக்கே வருமானம் இல்லாதவர் அதைத் திரும்பப் பெறலாம். ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான் கிடைக்கும். பலர் போடுவதே இல்லை. வருமானம் குறைவுதானே, நமக்கு எதற்கு ரிட்டர்ன் என்று விட்டுவிடுகிறார்கள். ரிட்டர்ன் போட்டவரும் முப்பது நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலமாகவோ வேறு வழியிலோ உறுதி செய்யாவிட்டால், அது போடாததற்குச் சமம். அரியர்ஸ் வாங்கிய ஊழியர்கள் வரிச் சலுகை கேட்டால், 10-இ படிவத்தை ரிட்டர்னுக்கு முன்பே தாக்கல் செய்திருக்க வேண்டும்.

1961 சட்டத்துக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும்படி 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் நிறைவேற்றிய புதிய சட்டத்தின் முதல் மசோதாவில், கெடு தாண்டி ரிட்டர்ன் போட்டால் ரீபண்டே கேட்க முடியாது என்ற ஷரத்து இருந்தது. பைஜயந்த் பாண்டா தலைமையிலான தேர்வுக் குழு அதை நீக்கச் சொன்னது, நீக்கப்பட்டது. அது நிலைத்திருந்தால் முதல் அடி பி.எப். பணம் எடுத்த கூலித் தொழிலாளிக்குத்தான் விழுந்திருக்கும்.

சில ஆண்டுகளாக ரிட்டர்னே போடாமல் விட்டவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. நேரடி வரிகள் வாரியத்தின் 2024 அக்டோபர் 1-ந் தேதிய 11-வது சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி கமிஷனருக்கு மனுச் செய்யலாம். 26-ஏ.எஸ். நகல், பி.எப். தாள், அந்த ஆண்டின் சம்பளச் சீட்டு ஆகியவற்றைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு மனு எழுதுவது நல்லது.