பால் பல்லுக்குப் பல பேர் பொறுப்பு

யாழ்ப்பாணத் தமிழர் வீடுகளில் குழந்தைக்கு முதல் பல் எட்டிப் பார்த்துவிட்டால் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பார்கள். கொழுக்கட்டையின் ஓரத்தில் தேங்காய்ச் சொட்டுகளைப் பல் போலச் செருகி, பிள்ளையின் தலைக்கு மேலாகக் கொட்டி, புத்தகம், பேனா, நகை என்று முன்னால் பரப்பி, எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் இத்தனை விமரிசை இல்லாவிட்டாலும், பல் வந்த சேதி தெரு முழுக்கப் போய்விடும்.

இரண்டு வருடம் கழித்து அதே பல் கறுத்து, ஓரம் கரையும்போதுதான் பேச்சு மாறுகிறது. ஒன்று, “விழப்போற பல்தானே” என்று விட்டுவிடுகிறோம். இல்லையென்றால், “அவ சரியாக் கவனிக்கலை” என்று பழியைத் தாயின் தலையில் கட்டிவிடுகிறோம். வரவேற்க ஊரே வந்த பல்லைக் காப்பாற்ற மட்டும் ஒருத்தி போதும் என்று எப்படி முடிவு செய்தோம்?

விழும் பல்தான், மறுக்கவில்லை. ஆனால் எப்போது விழும்? முன்பற்கள் ஆறேழு வயதில் ஆடும். கடைவாய்ப் பால் பற்களோ பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருந்தாக வேண்டும். சோறு மென்று உடம்பு வளர்கிற காலம் முழுக்க அவற்றை நம்பித்தான். பின்னால் வரும் நிலைத்த பற்களுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதும் அவைதான். முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் சாய்ந்து வரிசை நெருக்கியடிக்கிறது. வேரில் சீழ் வைத்தால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமலும் கெடலாம். உலகில் சுமார் 51 கோடிக் குழந்தைகளுக்குப் பால் பல்லில் சொத்தை இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை. இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பல்வலி என்று சொல்லத் தெரியாது. ஒரு பக்கமாக மெல்லும், சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பும், ராத்திரி அழும். நாம் அதை அடம் என்கிறோம்.

பெரும்பாலும் தொடக்கம் பால் புட்டியில். சீனி போட்ட பாலைப் புட்டியில் ஊற்றி வாயில் வைத்தபடியே குழந்தை தூங்கிப்போகிறது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும்; பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். கீழ்ப் பற்களுக்கு நாக்கும் உமிழ்நீரும் அரணாக இருப்பதால் அவை தப்பிக்கின்றன. அதனால்தான் இந்தச் சொத்தை மேல் வரிசையில் ஆரம்பிக்கிறது. மேல் உதட்டை லேசாகத் தூக்கிப் பார்த்தால் ஈறை ஒட்டி சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாகத் தெரியும். அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் திருப்பிவிடலாம். பழுப்பான பிறகு கதை வேறு.

இரவில் புட்டியை விட்டுவிடு என்று தாய்க்கு உபதேசம் செய்வது சுலபம். விடிந்தால் ஷிப்டுக்கு ஓட வேண்டியவள், அழுகிற பிள்ளையை நடுராத்திரியில் வேறு எப்படித் தூங்க வைப்பாள் என்று உபதேசிப்பவர்கள் கேட்பதில்லை. அப்பா எழுந்து தோளில் போட்டு நடந்தால், புட்டியில் பாலுக்குப் பதில் தண்ணீர் வைக்கும் பழக்கம் ஒரு வாரத்தில் கைகூடும். பல் விஷயத்தில் அப்பாக்களுக்கு வேலையே இல்லை என்பதுபோல் நடந்துகொள்கிறோம்.

இனிப்பு எந்தெந்தக் கைகளிலிருந்து வருகிறது என்றும் பார்ப்போம். பிறந்த அன்றே சேனை வைக்க ஒரு பெரியவர். மாலையில் பிஸ்கட்டோடு தாத்தா. “பாப்பாவுக்கு” என்று மிட்டாயை நீட்டும் பெட்டிக்கடை அண்ணாச்சி. இருமலுக்கு இனிப்பான சிரப் எழுதித் தருகிற மருத்துவரையும் விட்டுவிட முடியாது. அதைக் குடித்த பின் வாயைத் துடைக்கச் சொல்பவர் எத்தனை பேர்? யாரும் கெட்ட எண்ணத்தில் தரவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை இனிப்பு வாய்க்குள் போகும்போதும் கிருமிகள் அமிலம் சுரக்கின்றன, அது தணிய ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகிறது. நாள் முழுக்க ஆளுக்கொரு துண்டு கொடுத்தால் பல்லுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. பெரியவர்களோடு சண்டை போடாமல் உடன்படக்கூடிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். இரண்டு வயது வரை சீனி சேர்க்காமல் வளர்ப்போம். அதற்குப் பிறகு இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுப்போம், இடைவேளையில் வேண்டாம். பண்டிகைப் பாயசத்தை யாரும் பறிக்கப் போவதில்லை.

துலக்குவதில் இன்னும் குழப்பம். முதல் பல் வந்த நாளிலிருந்தே தினம் இருமுறை, மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு ஃபுளோரைடு பற்பசை, பிறகு பட்டாணி அளவு என்பது பல் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. விளம்பரத்தில் தூரிகை முழுக்க நெளிந்து கிடப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அரிசி அளவு கஞ்சத்தனமாகத் தெரியும். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஃபுளோரைடு என்றாலே அச்சம், அதில் நியாயமும் உண்டு. நிலத்தடி நீரில் அது மிகுந்து பல் கறைபட்டு எலும்பும் பாதிக்கப்பட்ட பூமி அது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. அந்தக் கேடு வருடக்கணக்கில் குடித்து உடம்புக்குள் போன ஃபுளோரைடால் வந்தது. பல்லின் மேல் தடவும் அரிசி அளவு வேறு சங்கதி. ஆனாலும் பிள்ளை விழுங்கிவிடும் என்பதால் அளவு முக்கியம், பெரியவர் கை முக்கியம். நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்கலாம்.

இனி அரசின் பங்கு. புதன்கிழமை தடுப்பூசி நாளில் கைக்குழந்தைகள் வரிசையாக வருகின்றன. ஒன்பதாம் மாத ஊசிக்கு வரும் குழந்தைக்குப் பெரும்பாலும் பல் முளைத்திருக்கும். செவிலியர் உதட்டைத் தூக்கிப் பார்க்க அரை நிமிடம் போதும். தடுப்பூசி அட்டையில் அதற்கொரு கட்டம் வேண்டும். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியகிரம் திட்டத்தின் குழந்தைகள் பரிசோதனைக் குழு வருடத்துக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும், பற்சொத்தையும் அதன் பட்டியலில் இருக்கிறது. அங்கன்வாடி ஊழியரின் தோளில் ஏற்கெனவே போதுமான பாரம். பிள்ளைகளைத் துலக்க வைக்கும் வேலையைக் கூடுதலாகக் கொடுப்பதானால் ஆளும் தண்ணீரும் தூரிகையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

முற்றிய சொத்தைக்கு மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்ய நேர்ந்தால் கூலி வேலை செய்யும் குடும்பம் எங்கே போகும்? குழியின் வளர்ச்சியை நிறுத்த, துளையிடாமல் தடவிவிடக்கூடிய வெள்ளி டையமின் ஃபுளோரைடை உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தடவிய இடம் கறுப்பாகும், அவ்வளவுதான். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இருக்கிறதா, அங்கன்வாடிக்குப் பரிசோதனைக் குழு கடைசியாக எப்போது வந்தது என்ற இரண்டையும் அடுத்த கிராம சபையில் குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். கேட்பவர் குழந்தையின் தாயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.