படம் ஓடினால் பாடம் நடந்ததா?

ஆழ்வார்பேட்டையில் காலை எட்டரை மணிக்கு டி.டி.கே. சாலையைக் கடப்பது பெரும்பாடு. பள்ளி வேன்கள், ஆட்டோக்கள், அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நிற்கும் குழந்தைகள்!

அந்தக் கூட்டத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை ஒருவரும் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 24. பி.எட். படித்தவர். கைப்பையில் டேப்லெட். வயிற்றில் பயம்.

இன்று அவர் நடத்தப்போவது இதயம் பற்றிய பாடம். வகுப்பில் பெரிய திரை இருக்கிறது. படம் போட்டுக் காட்ட வேண்டும்.

மணி அடித்தது. திரையில் வெளிச்சமே வரவில்லை! வயரைப் பிடுங்கிச் சொருகினார். படம் வந்தது, சத்தம் வரவில்லை. பத்து நிமிடம் போய்விட்டது. கடைசி பெஞ்சுக்குக் கொண்டாட்டம். கேட்கவா வேண்டும்?

ஒரு பையன் எழுந்து வந்து ஏதோ பொத்தானை அமுக்கினான். சத்தம் வந்துவிட்டது! டீச்சர் முகம் வாடிவிட்டது.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வீட்டில் தாத்தாவுக்குச் செல்போன் சொல்லித் தருவது யார்? பேரப்பிள்ளைகள்தானே!

படம் ஓடியது. எல்லாரும் கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

“புரிந்ததா?”

“புரிந்தது டீச்சர்!”

“இதயத்தின் வலது பக்கத்திலிருந்து ரத்தம் எங்கே போகிறது?”

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வயர் கோளாறை ஒரு பையன் சரிசெய்துவிடுவான். ஆனால் புரியாமலே “புரிந்தது” என்று சொல்லும் பிள்ளையை யார் கவனிப்பது? அந்தப் பிள்ளை அப்படியே அடுத்த வகுப்புக்குப் போய்விடும்.

கருவிகள் வந்துவிட்டன

தமிழ்நாட்டில் கருவிகளுக்குக் குறைவில்லை. 2018-ல் புதிய பாடப் புத்தகங்களிலேயே கியூ.ஆர். குறியீடு அச்சாகி வந்தது. செல்போனைக் காட்டினால் படம் ஓடும்.

2019 ஆகஸ்டு 26-ல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. ஆழ்வார்பேட்டைக்குத் தெற்கே, அடையாற்றைத் தாண்டினால் கோட்டூர்புரம். அங்கே அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் அதன் நிலையம் அமைந்தது.

மறு ஆண்டே கொரோனா வந்தது. பள்ளிகளை மூடினார்கள். நல்ல செல்போன் இல்லாத வீட்டிலும் டி.வி. இருந்தது. 2006-ல் தொடங்கிய இலவச கலர் டி.வி. திட்டம் அப்போது கைகொடுத்தது. பாடம் வீடு தேடிப் போனது.

ஆனால் டி.வி.யிடம் சந்தேகம் கேட்க முடியுமா? அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகும். வகுப்பில் ஆசிரியர் இருந்தும் படம் அதேபோல் ஓடினால், அவர் எதற்கு?

2024-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் அறிவிக்கப்பட்டன. ஏறத்தாழ 80 ஆயிரம் ஆசிரியர்களுக்கு டேப்லெட் கொடுக்கும் திட்டமும் வந்தது. நல்ல காரியம். பொருள் வந்துவிட்டது. பழக்கம் வர வேண்டாமா?

நிறுத்தத் தெரிய வேண்டும்

இதயத்துக்குள் ரத்தம் ஓடுவதைக் கரும்பலகையில் காட்டுவது கஷ்டம். அதற்குப் படம் வேண்டும். ஆனால் இரண்டு நிமிடத்தில் அதை நிறுத்த வேண்டும்.

“விரல்களை மடக்குங்கள். உங்கள் இதயம் ஏறக்குறைய இந்த அளவுதான்” என்று சொல்லலாம். மணிக்கட்டில் விரல் வைத்து நாடித் துடிப்பை எண்ணச் சொல்லலாம். மைதானத்தில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து மறுபடி எண்ணினால் துடிப்பு கூடியிருக்கும். “ஏன் டீச்சர்?” என்று பிள்ளைகளே கேட்பார்கள். அப்போது மீதிப் படத்தைப் போடட்டும்!

இந்தச் சூட்சுமம் பழைய ஆசிரியர்களுக்குத் தெரியும். எந்தப் பிள்ளை சும்மா தலையாட்டுகிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். அவர்களில் சிலருக்குத் திரையைத் தொடவே பயம். புதியவருக்கோ திரை தெரியும், பிள்ளை தெரியாது. இருவரையும் ஒரே வகுப்பில் சில நாள் நிற்க வைத்தால் என்ன? செலவு ஒரு காசு இல்லை.

“இன்று திரையைப் போட்டீர்களா?” என்று தலைமை ஆசிரியர் கேட்பதை விட, “எத்தனை பேர் பதில் சொன்னார்கள்?” என்று கேட்கலாம்.

2015 முதல் பி.எட். படிப்பு இரண்டு ஆண்டு. அதில் 16 வாரம் பள்ளியிலேயே பயிற்சி. அது போதாது. வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில், வாரத்துக்கு ஒரு பாடவேளையாவது புதியவருக்கு ஒழித்துக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் இல்லாத வகுப்பில் அவர் திரையைப் போட்டுப் பார்க்கட்டும். படத்தை எங்கே நிறுத்துவது, நிறுத்தி என்ன கேட்பது என்று நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.