பாடாத 34 ஆண்டுகள்

மே மாதம் வந்தால் ஜாதவ்பூரில் பேட்டைக்குப் பேட்டை பந்தல்தான். பிரிவினையில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் குடியேறிய காலனிகள் நிறைந்த பகுதி இது. மாதத்தின் முதல் பாதியில் தாகூர் பிறந்தநாள், கடைசி வாரத்தில் காஜி நஸ்ருல் இஸ்லாமின் பிறந்தநாள். இரண்டுக்கும் தனித்தனியாகச் செலவழிக்க முடியாத மன்றங்கள், நடுவில் ஒரு மாலையைப் பிடித்து இருவருக்கும் சேர்த்தே விழா எடுத்துவிடும். ஹார்மோனியம், தபலா, கொண்டையில் பூச்சூடிய சிறுமிகளின் நடனம். தாகூர் பாட்டுக்கு மெல்ல அசையும் கால்கள், நஸ்ருலின் அணிவகுப்புப் பாடலுக்கு மேடைப் பலகை அதிர மிதிக்கும்.

அந்த மேடையில் அதிகம் பேசப்படாத ஒரு சங்கதி உண்டு. ஆடப்படும் நஸ்ருல் பாட்டுகள் எல்லாமே 1942க்குள் பிறந்தவை. அந்த ஆண்டு ஜூலையில், 43 வயதில், நஸ்ருலின் பேச்சு குழறியது. விரைவிலேயே குரலும் நினைவும் போயின. அதன்பின் 34 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். ஒரு வரி எழுதவில்லை, ஒரு மெட்டு போடவில்லை.

அடங்கிப்போன குரல் சாதாரணமானதல்ல. தமிழகத்தில் பாரதி மறைந்தது 1921 செப்டம்பரில். அதே ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவில் ஒரு வாடகை அறையில், பட்டாளத்திலிருந்து திரும்பிய 22 வயது இளைஞன் எழுதிய 'வித்ரோகி' கவிதை வங்காளத்தையே உலுக்கியது. அடுத்த ஆண்டே வெள்ளைக்கார அரசு அவரைக் கைது செய்தது. சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். பின்னாளில் இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பாட்டுகளைக் கொட்டினார். வங்காளியில் கஜல்களும் எழுதினார். இஸ்லாமியப் பாடல்களை எழுதிய அதே கை காளியின் மீதும் பாடல் புனைந்தது. மொத்தம் மூவாயிரத்துக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

நோயாளியான பிறகும் மரியாதைக்குக் குறைவில்லை. 1945இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் தங்கப் பதக்கம். 1960இல் பத்மபூஷண். 1972இல் புதிய வங்கதேசம் அவரை டாக்காவுக்கு அழைத்துப்போய்க் கொண்டாடியது. ஆனால் வைத்தியம் மட்டும் மெதுவாகத்தான் வந்தது. முதலில் ஹோமியோபதியும் ஆயுர்வேதமும் பார்த்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1952இல்தான் ராஞ்சி மனநல மருத்துவமனை. பொதுமக்களிடம் நிதி திரட்டி 1953இல் லண்டனுக்கும் வியன்னாவுக்கும் அனுப்பினார்கள். மூளை சுருங்கும் பிக் நோய் என்றார்கள் வியன்னா மருத்துவர்கள். இனி குணமாக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். முன்பே போயிருந்தாலும் அந்நோய் குணமாகியிருக்காது. ஆனால் என்ன நோய் என்று தெரியாமல் ஒரு குடும்பம் பதினோரு ஆண்டுகள் தவித்தது மிச்சமாகியிருக்கும்.

அந்த வீட்டில் முடங்கியவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. மனைவி பிரமீளாவுக்கு 1939லேயே இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. படுத்த படுக்கையிலிருந்தே வீட்டை நடத்தி, பேச முடியாத கணவரையும் பார்த்துக்கொண்டார். 1962இல் அவர் போனார். 1976 ஆகஸ்ட் 29 அன்று டாக்காவில் நஸ்ருலும். பிரமீளாவுக்கு எந்த மேடையிலும் நடனம் கிடையாது.

அஞ்சலி என்றால் உச்சத்தைத்தான் பாட வேண்டும் என்பது வழக்கம். அதில் தவறில்லை, சிறுமிகள் கால் வலிக்க ஆடட்டும். ஆனால் 77 ஆண்டு வாழ்க்கையில் 34 ஆண்டுகளை மறைத்துவிட்டு ஒரு மனிதரைக் கொண்டாடுவது பாதிப் படத்துக்கு மாலை போடுவது மாதிரி. பேச்சுத் திறன் இழப்பையும் நாள்பட்ட நரம்பு நோய்களையும் ஊனமாக ஏற்று, பொது இடங்களில் தடையற்ற வழி வேண்டும் என்று 2016இல் சட்டமே வந்துவிட்டது. ஆனால் பேட்டைப் பந்தல் மேடைக்கு இன்றும் மரப்படிகள்தான். நஸ்ருலைக் கைப்பிடித்து மேலே அழைத்துப் போய்விடலாம். சக்கர நாற்காலியில் பிரமீளா வந்தால், கீழேயே உட்கார்ந்து கணவரின் பாட்டைக் கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.