கடத்தலுக்குத் தனிப் பாதை கிடையாது

போதைப்பொருள் கடத்தல் என்றதும் நள்ளிரவுக் கடலும் விளக்கணைத்த படகும்தான் நமக்குத் தோன்றுகின்றன. அது முழுக் கற்பனையும் இல்லை. 2022 மே மாதம் லட்சத்தீவு அருகே தமிழ்நாட்டுப் படகுகள் இரண்டில் 218 கிலோ ஹெராயின் பிடிபட்டது. ஆனால் அதற்கு எட்டு மாதம் முன்பு குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் சிக்கியது ஏறத்தாழ 3,000 கிலோ. ஆப்கானிஸ்தான் சரக்கு அது. ஈரானின் பந்தர் அப்பாஸ் வழியாக, டால்க் கல் என்ற பெயரில், இரண்டு கன்டெய்னர்களில் வந்தது. இறக்குமதி செய்த நிறுவனத்தின் முகவரி விஜயவாடா!

சரக்கு போகும் வழிதான் கடத்தல் வழி. சூரத் ஜரிகையும் கர்நாடகப் பட்டு நூலும் காஞ்சிபுரத்துக்கு வந்து சேர எத்தனை ஏற்பாடுகள் உண்டோ, அத்தனையும் கடத்துகிறவனுக்கும் திறந்தே இருக்கின்றன. ஆந்திர – ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சா ரயிலிலும் பஸ்ஸிலும் பயணப் பையோடு பையாக வருகிறது. ஒரு பகுதி ராமநாதபுரம், நாகைக் கரைகளிலிருந்து இலங்கைக்குப் போகிறது. அனுப்புகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதை ஏற்க நமக்கு மனம் வருவதில்லை. 2024 பிப்ரவரியில் டெல்லியில் பிடிபட்ட 50 கிலோ சூடோஎபிட்ரின் வழக்கில், சத்துமாவிலும் தேங்காய்த் தூளிலும் மறைத்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு அனுப்பினார்கள் என்றது போதைப்பொருள் கட்டுப்பாட்டு அமைப்பு. அதில் தேடப்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள்.

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம் போன்ற ஓர் ஊரில் பெற்றோர் அஞ்ச வேண்டியது வலி மாத்திரைக்கும் தூக்க மாத்திரைக்கும். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு உயிரைவிட்ட இளைஞர்கள் இந்த மாநிலத்தில் உண்டு. வெளிமாநிலங்களிலிருந்து கூரியரில் மொத்தமாக வரவழைத்து விற்றதாக வழக்குகள் தொடர்ந்து பதிவாகின்றன. நாமோ வடமாநிலத் தொழிலாளியையும் மீனவரையும் சந்தேகத்தோடு பார்க்கிறோம். இது அநியாயம். விற்கிறவனுக்கு இதைவிட வசதியான மறைவு வேறில்லை.

நைட்ரஸெபாம் என்ற தூக்க மாத்திரை போன்ற எச்1 பட்டியல் மருந்துகளை விற்கும் கடை, மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு மூன்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். கடலில் ரோந்து சுற்றினால் மட்டும் போதாது; மருந்து ஆய்வாளர்கள் இந்தப் பதிவேட்டையும் கூரியர் அலுவலகங்களையும் முறையாகச் சோதிக்கட்டும். சந்தேகம் எழுந்தால் வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். 1933 என்ற தேசிய போதைப்பொருள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.