விரிசலிலேயே அடையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கிராமச் சாலைகளில் குழி விழுந்த பிறகுதான் ஒட்டுப் போட வருகிறார்கள். சேறும் தண்ணீரும் நிற்கும் குழியில் தாரையும் ஜல்லியையும் கொட்டினால் எப்படிப் பிடிக்கும்? அடுத்த மழையிலேயே பெயர்ந்து விடுகிறது.

எங்கள் பகுதியின் கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் போட்ட தார்ச்சாலையில் முதலில் மெல்லிய விரிசல்தான் விழும். அதன் வழியே தண்ணீர் இறங்கி அடித்தளம் இளகிய பின்பே குழியாகிறது. விரிசலிலேயே தார் ஊற்றி அடைத்து, ஓரத்து மண்மேட்டை வெட்டித் தண்ணீரை வடியவிட ஆகும் செலவு, புதுச்சாலை போடும் செலவில் சிறு பங்குதான். புதிதாகப் போடும் இடத்தில் கரிசலோடு சுண்ணாம்பு கலந்து இறுக்குவதும் பொறியாளர்கள் நன்கறிந்த முறையே.

இந்தச் சாலைகளில் பாரம் ஏற்றி ஓடும் சுண்ணாம்புக்கல் லாரிகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். அச்சில் ஏறும் எடை இரட்டித்தால் சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்று 1958-60இல் அமெரிக்காவில் நடந்த சோதனை காட்டியது. ஆகவே அதிகப் பாரத்தைத் தடுப்பதும் சாலைப் பராமரிப்புதான்.

2015 சுரங்கச் சட்டத் திருத்தத்தால் வந்த மாவட்ட கனிம அறக்கட்டளைக்குச் சுரங்கக் குத்தகைதாரர்கள் பணம் செலுத்துகிறார்கள். அதில் ஒரு பங்கை லாரிகள் ஓடும் கிராமச் சாலைகளின் ஆண்டுப் பராமரிப்புக்கு ஒதுக்க இரு மாவட்ட ஆட்சியர்களும் ஆவன செய்ய வேண்டுகிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, ஆவணி, புரட்டாசியில் வேலை முடியட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அரியலூர்