கொரியத்துக்குத் தமிழ் இடைஞ்சலா?



சென்ற வாரம் ஒரு தாயார் என் இல்லத்துக்கு வந்திருந்தார். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாயும் பாட்டியும் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்கள். மகள் தொடக்கப்பள்ளியில் என்னிடம் தமிழ் கற்றவள். இப்போது இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம். இரண்டு ஆண்டுகளாக வாரந்தோறும் சனிக்கிழமை இணையம் வழி ஒரு தனிப்பயிற்றுநரிடம் கொரிய மொழி கற்று வருகிறாள். நல்ல செய்திதானே என்று மகிழ்ந்தேன். அடுத்து அவர் சொன்னதுதான் இப்பதிவை எழுத வைத்தது.

"அவளுக்கு நேரமே பத்தல சார். நாலாம் படிவத்துல தமிழ எடுக்க வேணாம்னு பார்க்கிறோம். கொரியன் டீச்சர் இன்னும் ஒரு வகுப்பு கூட்டச் சொல்றாங்க. தமிழ்தான் வீட்டுல பேசுறோமே, அது எங்க சார் போயிடப் போகுது?"

தேநீர் கொடுத்து அனுப்பினேன். அன்று விடை சொல்லவில்லை. அந்த அம்மையாருக்குச் சொல்ல வேண்டிய விடை இன்னும் பல வீடுகளுக்கும் உரியது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கொரிய மொழி கற்பதை நான் எதிர்க்கவில்லை. "நாடகப் பைத்தியம்", "பாட்டுக் குழுப் பைத்தியம்" என்று நம் ஆசிரியர் அறைகளில் எழும் ஏளனத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பிள்ளை தானாக விரும்பி ஓர் அயல்மொழியைக் கற்க அமர்கிறாள் என்றால் ஆசிரியன் எழுந்து நின்று கைதட்ட வேண்டும். சொல்லப்போனால், கடந்த ஆண்டிறுதி விடுமுறையில் நானே மாதக் கட்டணம் கட்டி ஒரு பயிற்றுநரிடம் கொரியம் கற்கத் தொடங்கினேன். (என் துணைவியார் இன்றுவரை சிரித்துக்கொண்டிருக்கிறார்!) ஆகவே நான் சொல்வது தொலைவிலிருந்து சொல்வதன்று.

என் பயிற்றுநர் நல்லவர், பொறுமைசாலி. ஆனால் அவர் கற்பித்தது முழுக்க ஆங்கிலத்தின் வழி. மூன்றாம் பாடத்தில் 'உல்' என்னும் உருபை விளக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் இப்படி ஒன்று இல்லை, ஆகவே மனப்பாடம் செய்யுங்கள் என்றார். நான் புன்னகைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். 'பாப்' என்றால் சோறு. 'பாபுல்' என்றால் சோற்றை. இது நம் இரண்டாம் வேற்றுமை, அவ்வளவுதான்! 'நானுன் பாபுல் மொகொயோ' என்பதை 'நான் சோற்றை உண்கிறேன்' என்று சொல்லுக்குச் சொல் வரிசை பிறழாமல் எழுதிவிடலாம். ஆங்கிலம் வழியே போகிறவர் வாக்கியத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்ட வேண்டும். தமிழ் வழியே போகிறவர் சொற்களை மட்டும் மாற்றினால் போதும்.

இன்னும் பாருங்கள். 'நேற்று வந்த ஆள்' என்பது கொரியத்தில் 'ஒஜே ஓன் சாராம்'. ஒஜே நேற்று, ஓன் வந்த, சாராம் ஆள். நாம் ஐந்தாம் ஆறாம் ஆண்டில் தொண்டை வறளக் கற்பிக்கும் பெயரெச்சம் அப்படியே அங்கே அமர்ந்திருக்கிறது. துணைவினைகளோ இன்னும் வியப்பு. 'உண்டு பார்' என்கிறோம். உண்மையில் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை, முயன்று பார்க்கிறோம். கொரியரும் 'மொகொ போதா' என்கிறார்கள். 'போதா' என்றால் பார்த்தல்! 'கொண்டு வா' என்பதற்கு 'காஜிகோ ஓதா', அதாவது வைத்துக்கொண்டு வருதல். 'எழுதி வை' என்பதற்கு 'ஸொ நோத்தா'. இங்கே 'நோத்தா' என்றால் வைத்தல். 'உட்கார்ந்திருத்தல்' என்பதற்கு 'அன்ஜா இத்தா'. 'இத்தா' என்றால் இருத்தல். இவற்றை ஆங்கில வழியில் கற்பவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனி வாய்பாடாக உருப்போடுகிறார்கள். நம் பிள்ளைக்கு ஒரு வரி போதும்: "நம்மைப் போலவேதான்."

உறவுமுறைக்கு வருவோம். தந்தையின் அண்ணனைக் கொரியர் 'கூன் அபொஜி' என்று அழைக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் 'பெரிய தந்தை'. தந்தையின் தம்பி 'சாகுன் அபொஜி', அதாவது சிறிய தந்தை. பெரியப்பா, சிற்றப்பா! தாயின் உடன்பிறந்தாளுக்கு ஒரு சொல், தந்தையின் உடன்பிறந்தாளுக்கு வேறு சொல். உடன்பிறந்தார் எவருமில்லாத ஒற்றைப் பிள்ளையும் 'எங்கள் அம்மா' என்றுதான் சொல்லும். மூத்தாரிடம் பேசும்போது வினைமுற்றே மாறும். 'சாப்பிடு', 'சாப்பிடுங்கள்' என்ற வேறுபாட்டை நாக்கிலேயே கொண்டு வளர்ந்த பிள்ளைக்கு இதற்குத் தனி வகுப்பு எதற்கு?

ஒலிப்புக்கும் இதே கதை. கொரியத்தில் ககரத்துக்கு இணையான எழுத்து சொல்லின் முதலில் வல்லோசையாகவும் உயிர்களுக்கு இடையில் மெல்லோசையாகவும் ஒலிக்கும். தளவாடத்தைக் குறிக்கும் சொல்லை நாம் 'காகு' என்று தமிழில் எழுதினால், நம் பிள்ளை எவரும் சொல்லித்தராமலே ஏறத்தாழச் சரியாகப் படிப்பாள். உரோமன் எழுத்தில் எழுதும்போதோ எந்த எழுத்தைப் போடுவது என்று கொரியர்களே தடுமாறினார்கள். 'புசான்' நகரின் பெயரை உரோமனில் எழுதும் முறையை 2000-ஆம் ஆண்டில் அவர்கள் மாற்றிய கதையைப் படித்துப் பாருங்கள். 'உதட்டைக் குவிக்காமல் உ சொல்லுங்கள்' என்று என் பயிற்றுநர் பலமுறை செய்து காட்டிய உயிரொலி, 'பந்து', 'காசு' என்பவற்றின் ஈற்றில் நாம் நாளும் ஒலிக்கும் குற்றியலுகரத்துக்கு மிக நெருக்கமானது. புணர்ச்சியும் உண்டு. 'ஹன்குக்' என்பது கொரியா, 'மால்' என்பது பேச்சு, சேர்ந்தால் 'ஹன்குங்மால்'. மகரம் வந்ததும் முன்னிருந்த ககரம் மெல்லினமாகிறது. கல்+மலை 'கன்மலை' ஆனதைப் படித்த மாணவனுக்கு இது புதிரா?

எல்லாம் எளிது என்று நான் ஏமாற்ற வரவில்லை. ககரத்துக்கு மட்டும் அவர்களிடம் மூவகை ஒலிப்பு உண்டு. அது நமக்கும் இடர்தான். சொற்களில் பாதிக்கு மேல் சீன மூலத்தவை. அவற்றைக் குந்தி அமர்ந்து மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

இந்த இடத்தில் நம் தரப்பிலுள்ள சில அன்பர்களோடும் நான் மோத வேண்டியிருக்கிறது. 'அப்பா'வும் 'அம்மா'வும் கொரியத்தில் உண்டு, ஆகவே கொரியம் தமிழின் சேய்மொழி என்று ஆண்டுதோறும் ஒரு செய்தி கைப்பேசிகளில் சுற்றுகிறது. தாய் தந்தையரைக் குறிக்கும் மழலைச் சொற்கள் உலகின் பல மொழிகளில் ஒத்திருக்கும்; அது சான்றாகாது. கொரியாவில் ஆசிரியராய் இருந்த ஓமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905-இல் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலே எழுதினார். ஆனால் இரண்டும் ஒரு குடும்பம் என்பதை மொழியியலாளர் பெரும்பாலோர் இன்றுவரை ஏற்கவில்லை. உறவு இல்லாவிட்டால் என்ன? கட்டமைப்பில் ஒத்திருக்கின்றன, கற்பவனுக்கு அது போதும். பொய்யான பெருமையைப் பேசினால், பிள்ளை அதை ஒரு நாள் கண்டுபிடித்து, நாம் சொன்ன மெய்யையும் சேர்த்தே தூக்கி எறிந்துவிடுவாள்.

"தமிழ் எங்கே போய்விடும்?" என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். வீட்டுத் தமிழ் எங்கும் போகாது, உண்மைதான். போவது பெயரெச்சம் இது, வேற்றுமை இது, புணர்ச்சி இது என்று தன் மொழியைத் தானே கழற்றிப் பார்க்கும் அறிவு. அதுதான் கொரியத்துக்குப் படிக்கட்டு. அதைத் தரும் வகுப்பை நிறுத்திவிட்டு, அதே அறிவை ஆங்கில வழியில் இருமடங்கு நேரத்தில் பெறுவதற்குப் பணம் கட்டுகிறோம்! எனக்கு இந்தக் கணக்கு புரியவில்லை.

தமிழ் கொரியத்துக்குப் பயன்படும், ஆகவே தமிழைப் படியுங்கள் என்று வாதிட நேர்ந்ததில் எனக்கு உள்ளூர வருத்தமே. தாய்மொழிக்கு இத்தகைய பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டிருக்கக் கூடாது. ஆனால் அந்த அம்மையார் பயனைப் பற்றியே கேட்டார். ஆகவே பயனைப் பற்றியே பேசுகிறேன்.

'கொரியம் சோறு போடும்' என்கிறார்கள். எப்படி என்று கேட்டால் விடை மங்கலாக இருக்கிறது. அயல்நாட்டுத் தொழிலாளரைக் கொரியா அரசு வழியாக அமர்த்திக்கொள்ளும் திட்டம் 2004-இல் தொடங்கியது. நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து அதற்கெனத் தனிக் கொரிய மொழித்தேர்வு எழுதிப் போகிறார்கள். நம் மலைத் தோட்டங்களில் இன்று கொழுந்து வெட்டும் தொழிலாளர் பலரின் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. மலேசியா அப்பட்டியலில் இல்லை. நம் பிள்ளைகளுக்கு உள்ள வழி மேற்படிப்பு. கொரிய அரசின் உபகாரச் சம்பளம் பெற்றுப் பட்டப்படிப்புக்குத் தேர்வாகிறவர்களுக்கு முதலாண்டு மொழிப்பயிற்சியை அத்திட்டமே அளிக்கிறது. 'தோபிக்' தேர்வில் மூன்றாம் நிலை எட்டிய பிறகே பட்டப்படிப்பு தொடங்கும். அங்கே ஓராண்டு முழுவதும் கற்பிக்கப்படப் போகும் ஒன்றுக்காக, பதினாறு வயதில் இங்கே தமிழைப் பலியிட என்ன அவசரம்? சென்னைக்கு அருகே ஹூண்டாய் ஆலை 1998 முதல் கார் செய்கிறது. அத்தகைய இடங்களில் கொரியமும் தமிழும் ஒருசேரத் தெரிந்தவருக்கு இருக்கும் மதிப்பு, கொரியம் மட்டும் தெரிந்தவருக்கு இருக்குமா?

இவை எல்லாவற்றையும் விட என்னை உறுத்தியது வேறொன்று. நாம் இன்று கட்டணம் கட்டிக் கற்கும் அந்தக் கொரியம் எப்படிப் பிழைத்தது என்று நம் பிள்ளைகளுக்குப் பயிற்றுநர்கள் சொல்கிறார்களா? மன்னர் செஜொங் 1443-இல் எழுத்தை உருவாக்கி 1446-இல் வெளியிட்டார். நாக்கும் தொண்டையும் பல்லும் ஒலிக்கும்போது கொள்ளும் வடிவத்தைப் பார்த்து மெய்யெழுத்துகளை அமைத்தார்கள். தொல்காப்பியத்தின் பிறப்பியலைக் கற்பித்தவர்கள் இதைப் படித்தால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார்கள். அன்றே அரசவை அறிஞர்கள் சிலர் 1444-இல் எதிர்ப்பு விண்ணப்பம் எழுதினார்கள். சீன எழுத்து இருக்க, இந்தக் கீழான எழுத்து எதற்கு என்பதே அதன் சாரம்.

பிறகு சப்பானிய ஆட்சி. 1938-இல் பள்ளிகளில் கொரியம் விருப்பப் பாடம் ஆக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அந்த இடமும் பறிபோனது. விருப்பப் பாடம்! எஸ்.பி.எம். தேர்வில் நம் தமிழ் நிற்கும் அதே இடம். சப்பானிய மொழிதான் சோறு போடும் என்று அன்றும் பெற்றோருக்குத் தோன்றியிராதா? 1942-இல் அகரமுதலி தொகுத்துக்கொண்டிருந்த கொரிய மொழிக் கழகத்தாரைச் சிறைப்பிடித்தார்கள். இருவர் சிறையிலேயே மாண்டனர். கைப்பற்றப்பட்ட கையெழுத்துப் படிகள் விடுதலைக்குப் பின் 1945 செப்டம்பரில் சியோல் தொடர்வண்டி நிலையக் கிடங்கொன்றில் கிடைத்தன. முதல் தொகுதி 1947-இல் வந்தது. ஆறாம் தொகுதி 1957-இல். பயனற்றது என்று ஆளுவோர் முடிவு கட்டிய மொழிக்காக அவர்கள் அவ்வளவு செய்தார்கள். இங்கே நம்மை எவரும் சிறையில் அடைக்கவில்லை. தமிழ் எடுக்காதே என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நாமாகவே விட்டுக்கொடுக்கிறோம், சனிக்கிழமை வகுப்புக்கு நேரம் வேண்டுமென்று!

இனி என் கோரிக்கை. தனிப்பயிற்றுநரை நிறுத்த வேண்டாம். அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உரோமன் எழுத்தை எப்போது கைவிடப் போகிறீர்கள்? வாக்கியங்களை ஆங்கிலத்தோடு ஒப்பிடுவது ஏன், என் மகளிடம் தமிழில் ஒப்பிடச் சொல்லலாமே? ஒரு வகுப்பைக் கூட்டுவதற்கு முன், இருக்கும் வகுப்பில் விரயமாகும் நேரத்தைக் குறைக்க முடியுமா? அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் போதும். ஒப்பிடும் வேலையை நம் தமிழாசிரியர்கள் செய்து தரலாம். மேலே எழுதிய எடுத்துக்காட்டுகளை ஒரு தாளில் அட்டவணையாக்கி வைத்திருக்கிறேன். வேண்டுவோர் மறுமொழியில் தெரிவித்தால் அனுப்பி வைப்பேன்.

ஒரு செய்தி பாக்கி. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி இடைநிலைப்பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடத்தக் குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் கோர வேண்டும். மலையில் நம் பிள்ளைகளின் எண்ணிக்கை என்ன என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெண் சேரவிருக்கும் வகுப்பில் இதுவரை பெயர் கொடுத்தவர்கள் பதினான்கு பேர். அவளுடைய அம்மாவை நாளை மாலை தானா ராத்தாவில் சந்திக்கிறேன். கோரிக்கைப் படிவத்தையும் எடுத்துச் செல்கிறேன்.